மழை நாளில் வண்டி ஓட்டுவோரும் நடந்து செல்வோரும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் சாலைகளின் தோற்றமே மாறிவிடுகிறது. சென்னை நகரில் ஓராண்டில் பெய்கின்ற ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் பெய்து முடிந்துவிடுகிறது. உழவருக்கு அது வாழ்வு. ஏரி குளங்களுக்கு அது உயிர். ஆனால் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு நடந்தே பள்ளிக்கு வரும் மாணவிக்கு அது அன்றாடச் சோதனை. அரையாண்டுத் தேர்வும் அதே மாதங்களில்தான் வந்து வாய்க்கிறது! மழையையாவது குடை பிடித்துத் தடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் விரைந்து போகும் வண்டி வாரி இறைக்கும் தண்ணீரைத் தடுக்க எந்தக் குடையாலும் ஆவதில்லை.

மழை நாளில் வண்டி ஓட்டுவோர் நடந்து செல்வோரிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம். 'நம்மிடம் வண்டியா இருக்கிறது? இது நமக்கெதற்கு?' என்று சில தோழியர் கேட்கலாம். இன்று இல்லாதிருக்கலாம். பதினெட்டு வயது நிரம்பியதும் நம்மில் பலர் உரிமம் பெற்று ஸ்கூட்டரோ காரோ ஓட்டத்தான் போகிறோம். தவிரவும், இந்த ஆண்டு மலரை நாம் வீட்டுக்கு எடுத்துச் சென்றால் நமக்கு முன்னே அதைப் பிரித்துப் படிப்பவர் பெரும்பாலும் அப்பாதான். அவரிடம் வண்டி இருக்கிறது.

முதலில் நடப்பவரின் நிலையைப் பார்ப்போம். வெயில் நாளில் நடைபாதை பழுதாக இருந்தால் சற்று ஒதுங்கி நடக்கலாம். மழை நாளில் எங்கே ஒதுங்குவது? நடைபாதை எங்கே முடிகிறது, சாக்கடை எங்கே தொடங்குகிறது என்பது தண்ணீருக்கடியில் மறைந்து கிடக்கிறது. மூடியில்லாத பாதாளச் சாக்கடையும், மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டி மூடாது விட்ட பள்ளமும் மேலே பார்ப்பதற்குச் சாதாரணத் தண்ணீரைப் போலவே தெரியும். அறுந்து விழுந்த மின்கம்பி அதற்குள் கிடக்குமோ என்ற அச்சம் வேறு. ஆகவே ஊர் தெரிந்தவர்கள் ஓரத்தை விட்டுவிட்டுச் சாலையின் நடுப்பகுதியை ஒட்டியே நடப்பார்கள். அங்கேதான் தார் மேடாக இருக்கும். காலுக்குக் கீழே தரை இருப்பது நிச்சயம். இதைப் புரிந்துகொள்ளாத சிலர் காரின் கண்ணாடியை இறக்கி, 'ரோடு உங்க அப்பன் வீட்டு சொத்தா?' என்று கத்திவிட்டுப் போகிறார்கள். நடப்பவர் அங்கே வந்தது திமிரினால் அன்று. வேறு வழி இல்லாமையால்.

குடை பிடித்து நடப்பவருக்குப் பார்வையும் பாதிதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கமே குடையைச் சாய்க்க வேண்டியிருக்கிறது. வண்டியும் அதே பக்கத்திலிருந்து வந்தால் அருகில் வரும் வரை தெரியாது. குடைத்துணியின் மீது மழை விழும் ஓசையில் மற்ற ஓசைகள் அடங்கிப் போகின்றன. வயதானவர்கள் ஒரு கையில் குடையும் மறு கையில் சேலைக் கொசுவமுமாக நடக்கையில் வழுக்கினால் பற்றிக்கொள்ள மூன்றாவது கை ஏது?

இவ்வாறு பார்க்கையில் ஓர் உண்மை தெளிவாகிறது. மழை நாளில் நடப்பவருக்குத் தம் வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏறக்குறைய இல்லாமற் போகிறது. வண்டியில் இருப்பவருக்கோ அந்த உரிமை அப்படியே இருக்கிறது. வேகத்தைக் குறைக்கலாம், ஒதுங்கலாம், நிற்கலாம், இரண்டு நிமிடம் தாமதமாகப் போகலாம். யாரிடம் தேர்வு இருக்கிறதோ அவரிடமே பொறுப்பும் இருக்க வேண்டும் என்பதே முறை. இது வெறும் மரியாதை பற்றிய பேச்சு அன்று என்பதை மத்திய அரசு வெளியிட்ட கணக்கு காட்டுகிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் நடந்து சென்றவர்கள் 32,825 பேர். அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவர். இது மழைநாள் கணக்கு மட்டுமன்று, ஆண்டு முழுமைக்குமானது. எனினும் வறண்ட சாலையிலேயே பாதுகாப்பில்லாதவருக்கு வழுக்கும் சாலையில் என்ன பாதுகாப்பு இருக்க முடியும்?

ஈரமான சாலையில் வண்டி ஏன் உடனே நிற்பதில்லை என்பதை நம் பௌதிகப் பாடமே சொல்லித் தருகிறது. வண்டியை நிறுத்துவது பிரேக் மட்டுமன்று. டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வும்தான். உராய்வு குறைந்தால் பிரேக் எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை. வறண்ட தார்ச்சாலையில் உராய்வுக் கெழு சுமாராக 0.7 என்று கொள்வோம். நனைந்த சாலையில் அது பாதியாகக் குறைந்து 0.35 ஆகிறது என்றும் கொள்வோம். ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைக்க ஓட்டுநருக்கு ஒரு விநாடி பிடிக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 10 மீட்டர். வறண்ட சாலையில் அந்த வண்டி நிற்க 17 மீட்டர் வேண்டும். நனைந்த சாலையில் 25 மீட்டர் வேண்டும். வேகம் மணிக்கு 54 கிலோமீட்டரானால் வறண்ட சாலையில் 31 மீட்டர், நனைந்த சாலையில் 48 மீட்டர். நாற்பத்தெட்டு மீட்டர் என்றால் நான்கு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம்! அதே ஈரச் சாலையில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் 9 மீட்டருக்குள் நின்றுவிடுவார். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்கள் இதைத் தாளில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். பிரேக் போட்டபின் வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதம் என்பதை மறவாதிருந்தால் போதும். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூலும் ஈரச் சாலையில் நிற்கும் தூரம் குறைந்தது இரு மடங்காகும் என்றே ஓட்டுநருக்குக் கற்பிக்கிறது.

பெருமழையை விட முதல் தூறல்தான் அதிகமாக வழுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. பல வாரங்களாகச் சாலையில் படிந்த எண்ணெய்ச் சொட்டு, தூசி, டயர் தேய்ந்த ரப்பர்த் துகள் எல்லாம் அந்தத் தூறலில் குழைந்து மெழுகு பூசியது போலாகிவிடும். நல்ல மழை பெய்து கழுவிய பிறகே தார் கொஞ்சம் பிடி கொடுக்கும். அதற்குப்பின் தண்ணீர் தேங்கத் தொடங்கினால் வேறோர் ஆபத்து. வேகமாக வரும் டயர், தனக்குக் கீழே உள்ள நீரை வெளியேற்ற நேரமில்லாமல் நீரின் மேலேயே ஏறி மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. டயரில் வெட்டியுள்ள வரிப்பள்ளங்கள் நீரை வெளியேற்றுவதற்காகவே உள்ளவை. வழவழவென்று தேய்ந்த டயரோடு மழையில் வண்டி எடுப்பவர், 'இன்னும் ஒரு மாதம் ஓடும்' என்று மிச்சம் பிடிக்கிற பணம் யாருடைய எலும்பின் மேல் மிச்சமாகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆழமான நீரைக் கடந்து வந்தபின் பிரேக் நனைந்து சற்று நேரம் பிடிக்காமலிருக்கும். மெதுவாகப் போய்க்கொண்டே லேசாக அழுத்தி அதை உலர்த்திக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

ஓட்டுபவரின் பார்வையைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. முன்கண்ணாடியில் மழைநீரைத் துடைக்கும் வைப்பரை நமக்கு அளித்தவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி! அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்பவர் நியூயார்க் நகருக்குச் சென்றிருந்தபோது, பனியும் மழையுமாக இருந்த நாளில் டிராம் ஓட்டுநர் கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டு தவிப்பதைக் கண்டார். உள்ளிருந்தே நெம்புகோலால் இயக்கக்கூடிய துடைப்பான் ஒன்றை வடிவமைத்து 1903ஆம் ஆண்டில் காப்புரிமையும் பெற்றார். அதனால் அவருக்குப் பணம் ஒன்றும் கிடைக்கவில்லை. இன்று ஒவ்வொரு காரிலும் அது ஆடிக்கொண்டிருக்கிறது. ஆனால் நம் ஊரில் ரப்பர் கிழிந்து கண்ணாடியில் கோடு மட்டுமே போடும் வைப்பர்கள் எத்தனை! வெயில் காலத்தில் யாரும் அதை நினைப்பதில்லை. மழை வந்த அன்று மாலையில் கடை கடையாக அலைகிறார்கள். இரு சக்கர வண்டி ஓட்டுபவருக்கோ அதுவும் கிடையாது. தலைக்கவசக் கண்ணாடியை ஒரு கையால் துடைத்துக்கொண்டே மறு கையால் ஓட்டுகிறார். எதிரே நடந்து வருபவர் தமக்குத் தெரியவில்லையென்றால் வேகத்தைக் குறைப்பதே நேர்மை. 'திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்' என்று பிறகு சொல்வது எளிது. திடீரென்று வந்தவர் மனிதரா, வண்டியா?

இனித் தண்ணீர் இறைக்கும் விஷயத்துக்கு வருவோம். பலர் இதை ஒரு வேடிக்கையாகவே கருதுகிறார்கள். 'கொஞ்சம் தண்ணீர்தானே, காய்ந்துவிடும்' என்பது வண்டிக்குள் உலர்ந்த உடையோடு இருப்பவரின் கணக்கு. நடந்து வருபவரின் கணக்கு வேறு. நம் தோழியருள் சிலருக்குச் சீருடை இரண்டே ஜதைதான். அடைமழை வாரத்தில் நேற்றுத் துவைத்தது இன்னும் கொடியில் ஈரமாகத் தொங்கும். இன்று போட்டு வந்ததும் சேறானால் மாலை நான்கு மணி வரை அதே ஈரத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். மறுநாள் எதை உடுத்துவது? நோட்டுப் புத்தகத்தில் மையால் எழுதிய பக்கங்கள் கரைந்து போனால் ஒரு பருவத்தின் பாடமே போயிற்று. சாலையோரத்தில் மல்லிகைப்பூக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவைப் பாருங்கள். ஒரு கார் ஒரே ஒரு முறை வேகமாகப் போனால் அன்றைய முதல் முழுவதும் சேற்றில் முழுகிவிடும். சேறு பட்ட பூவைச் சாமிக்கும் வாங்கமாட்டார்கள், தலைக்கும் வாங்கமாட்டார்கள். காலையில் வட்டிக்கு வாங்கிய பணத்தை மாலையில் அவர் எப்படிக் கட்டுவார்?

தேங்கிய நீர் வெறும் மழைநீருமன்று. சாக்கடை பொங்கிக் கலந்த நீர் அது. எலியின் சிறுநீர் கலந்த நீரில் இருக்கும் கிருமி, காலில் உள்ள சிறு சிராய்ப்பின் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உடலுக்குள் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும் என்பதை நாம் சுகாதாரப் பாடத்தில் படித்திருக்கிறோம். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, தண்ணீர் மேலே வருவதைக் கண்டு திடுக்கிட்டு ஒதுங்குவதே. அப்படிப் பின்வாங்கும் ஓர் அடி பள்ளத்தில் விழலாம், அல்லது அடுத்து வரும் வண்டியின் முன் விழலாம்.

தண்ணீர் எவ்வளவு தூரம் தெறிக்கும் என்பதும் வேகத்தைப் பொறுத்ததே. நடக்கும் வேகத்தில் போனால் டயரின் இருபுறமும் நீர் மெல்ல விலகி மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் விசிறிபோல் எழுந்து நடப்பவரின் முகம் வரை வரும். ஆகவே இதற்குத் தனித் திறமை ஒன்றும் வேண்டியதில்லை. பள்ளத்துக்குப் பத்தடி முன்பாகவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும்.

சொல்ல வருத்தமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: இந்தத் தவறு மிகுதியாக நடக்கும் இடங்களுள் ஒன்று பள்ளிக்கூட வாயில். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும். தம் மகளின் காலில் ஈரம் படக்கூடாதென்று ஒவ்வொரு தந்தையும் வண்டியை வாயிற்படி வரை கொண்டுவர முயல்கிறார். அன்பினால்தான் செய்கிறார், அதில் ஐயமில்லை. ஆனால் அவர் வண்டி வரும் வழியில் நடந்து வரும் முப்பது பெண் குழந்தைகள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கிறது. ஒருத்தியின் கால் நனையாதிருக்க முப்பது பேர் முழுக்க நனைகிறார்கள். நூறு கஜத்துக்கு முன்பாகவே வண்டியை ஓரங்கட்டி, மகளுக்குக் குடையைக் கையில் கொடுத்து நடக்கவிட்டால் அவளும் ஒன்றும் கரைந்துவிடமாட்டாள். அப்படி நடந்து வருகையில் குடையில்லாத ஒரு தோழியையும் சேர்த்து அழைத்து வரலாம். இதைப் படிக்கும் பெற்றோர் எங்களைத் தவறாக எண்ணமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

பிற நாடுகள் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன. ஜப்பானில் 1960ஆம் ஆண்டில் இயற்றிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 71ஆம் பிரிவு ஓட்டுநர் கடைப்பிடிக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் முதலாவதாக நிற்பதே, சேற்றையோ தேங்கிய நீரையோ கடக்கும்போது மெதுவாகச் சென்று பிறர் மேல் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். அதற்கு அடுத்தபடியாக வெள்ளைக் கோலுடன் நடக்கும் பார்வையற்றவருக்காக நிற்கவோ மெதுவாகச் செல்லவோ வேண்டும் என்ற விதி வருகிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்களின் மனத்தை நாம் பாராட்டாமலிருக்க முடியாது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறரைப் பற்றிய நியாயமான அக்கறையின்றி வண்டி ஓட்டுவது குற்றம். குட்டை நீரை நடப்பவர் மீது வாரி இறைப்பதை அதற்கு ஓர் எடுத்துக்காட்டாக அந்நாட்டு அரசு வழக்குத் துறையின் வழிகாட்டியே குறிப்பிடுகிறது. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் திருத்திய அந்நாட்டு விதிநூலில், அதிகத் தீங்கு விளைவிக்கக் கூடியவருக்கே அதிகப் பொறுப்பு என்ற கொள்கையையும் சேர்த்தார்கள். லாரிக்காரரின் பொறுப்பு கார்க்காரரின் பொறுப்பை விடப் பெரிது. கார்க்காரரின் பொறுப்பு சைக்கிள்காரரினதை விடப் பெரிது.

நம் நாட்டிலும் விதிகள் இல்லாமலில்லை. மோட்டார் வாகனங்களை ஓட்டுவதற்கென 2017ஆம் ஆண்டில் வெளியான ஒழுங்குமுறை விதிகள், நடப்போர், சைக்கிளில் செல்வோர், குழந்தைகள், முதியோர், உடல் ஊனமுற்றோர் ஆகியோரிடம் ஓட்டுநர் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்கின்றன. காவலரோ விளக்கோ இல்லாத இடத்தில் வெள்ளைக் கோடுகளின் மேல் நடப்பவருக்கு வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பதும் விதி. மழையில் அந்தக் கோடுகள் தண்ணீரில் மூழ்கிவிட்டால் உரிமையும் மூழ்கிவிட்டதாகப் பலர் எண்ணுவதுதான் வேடிக்கை. சாலையில் தண்ணீர் நிற்கிறதென்று நடைபாதை மேல் ஏறி ஓட்டும் ஸ்கூட்டர்காரர்களுக்கும் சட்டத்தில் இடமில்லை. விபத்து நேர்ந்துவிட்டால் காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஆவன செய்வது ஓட்டுநரின் கடமை என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு கூறுகிறது. நல்லெண்ணத்தோடு உதவ முன்வரும் வழிப்போக்கரைத் தொல்லையிலிருந்து காக்கும் பிரிவையும் 2019ஆம் ஆண்டில் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே மழையில் விழுந்து கிடப்பவரைக் கண்டு, 'போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே' என்று ஒதுங்கிப் போகக் காரணமில்லை.

வெள்ளம் தேங்கிய தெருக்களில் வேறொரு மரியாதையும் உண்டு. அதை அதிகம் பேர் எண்ணிப் பார்ப்பதில்லை. சென்னையில் 2015ஆம் ஆண்டு டிசம்பரிலும், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தாழ்வான பகுதிகளில் வீட்டு வாசல் வரை நீர் நின்றது. அப்படி நிற்கும்போது உயரமான வண்டி ஒன்று தெருவில் வேகமாகப் போனால் முன்னே ஓர் அலை எழுகிறது. வண்டி போய்விடும்; அலை இருபுறமும் பரவி வாசற்படியைத் தாண்டி உள்ளே புகும். உள்ளே பாயில் படுத்திருப்பவரும், தரையில் வைத்த அரிசி மூட்டையும் நனையும். 'என் வண்டி தண்ணீரில் நிற்காது' என்று பெருமைப்படுபவர், அந்தப் பெருமையின் விலையைப் பின்கண்ணாடியில் பார்க்க வேண்டும். இடுப்பளவு நீரில் குழந்தையைத் தோளில் தூக்கி வரும் ஒரு தாயை அந்த அலை சாய்த்துவிடவும் கூடும்.

ஹாரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடப்பவரை எச்சரிக்க ஒரு முறை மெல்ல ஒலிப்பது தவறன்று. ஆனால் தண்ணீரில் தட்டுத்தடுமாறி நடக்கும் கிழவியின் முதுகுக்குப் பின்னால் விடாமல் அலறவிடுவது அவரை வேகமாக நடக்கச் செய்யாது, விழத்தான் செய்யும். இரவு நேரத்தில் ஈரத் தார் கண்ணாடிபோல் முன்விளக்கின் ஒளியைத் திருப்பி அடிக்கும். அப்போது விளக்கைத் தாழ்த்திக்கொள்வது எதிரே நடந்து வருபவருக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

நடப்பவருக்கும் கடமை உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள், உண்டுதான். வெளிர் நிறக் குடை பிடிப்பது, குடையை நிமிர்த்திப் பார்த்துவிட்டே சாலையைக் கடப்பது, வண்டிகள் வரும் திசையை நோக்கி நடப்பது ஆகியவை நம் கையில் இருக்கின்றன. அவற்றை நம் ஆசிரியைகள் ஒவ்வோர் ஆண்டும் சொல்லித் தருவதால் இங்கே விரிக்கவில்லை.

குறைகளையே சொன்னோம், நல்லவர்களையும் சொல்வது நியாயம். நம் ஊர்ப் பேருந்து ஓட்டுநர்களைப் பலரும் திட்டுவார்கள். ஆனால் மழை நாளில் அவர்களைக் கவனித்துப் பாருங்கள். நிறுத்தத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால், அனுபவமுள்ள ஓட்டுநர் வண்டியைப் பத்தடி முன்னே கொண்டுபோய், படிக்கட்டு மேட்டுக்கு நேரே வரும்படி நிறுத்துவார். 'பார்த்து இறங்கும்மா, பள்ளம் இருக்கு' என்பார் நடத்துநர். இறங்கிய குழந்தைகள் குடையோடு பேருந்தின் முன்புறமாகச் சாலையைக் கடக்க முற்பட்டால்தான் ஆபத்து. பேருந்தை முந்திக்கொண்டு வரும் வண்டிக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். அவர்களுக்கும் அந்த வண்டி தெரியாது. அதை அறிந்த ஓட்டுநர் கியரைப் போடாமல் காத்திருக்கிறார். வலப்பக்க ஜன்னல் வழியாகத் தம் கையை மழையில் நீட்டி, உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டுகிறார். சட்டைக் கை முழங்கை வரை நனைகிறது. அந்தக் கையைப் பார்த்ததும் பின்னால் வரும் லாரியும் வேகத்தைக் குறைத்து நின்றுவிடுகிறது.